அடுத்தவர் கண் இல்லாமல் ஒரு கடிதம்

போரில் பார்வையை இழந்தவருக்கு ஒரு கடிதம் வந்தால் அதை வேறொருவர்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றிய மனுவாகவோ நட்டஈட்டு விண்ணப்பமாகவோ இருந்தாலும், வீட்டு விடயம் முதலில் அடுத்தவர் கண்ணில்தான் படுகிறது. களுவாஞ்சிக்குடியில் ஒரு வீட்டில் விண்டோஸ் 10 கணினியும் காதில் மாட்டும் ஹெட்செட்டும் இருந்தால் இந்த நிலையை ஓரளவு மாற்றலாம்.

அதற்கு உதவுவது என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான். பார்வையற்றவரான அவுஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006இல் இதைத் தொடங்கினார். அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டே பின்னர் இணைந்துகொண்டார்.

இது திரையைப் படம்பிடித்து வாசிப்பதில்லை. விண்டோஸுக்குள் 'யூஐ ஆட்டோமேஷன்' போன்ற பாலங்கள் உள்ளன. குருமண்வெளியிலிருந்து பாதையேறி மண்டூர் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: இக்கரையில் வேர்ட் போன்ற செயலி, அக்கரையில் திரைவாசிப்பான். "இது பொத்தான், இதன் பெயர் 'சேமி'" என்ற தகவல் பாலத்தின் வழியே போகிறது. எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடப்பதால், நிறுவிய பின் வாசிப்பதற்கு இணையம் தேவையில்லை.

என்வி அக்சஸ் இணையத்தளத்தில் தரவிறக்கித் திறந்தவுடனேயே அது பேசத் தொடங்கும். இன்சர்ட், கன்ட்ரோல், வி விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பேச்சு அமைப்புகள் வரும். அங்கே இஸ்பீக் குரல்களில் தமிழைத் தெரிவு செய்யுங்கள். குரல் இயந்திரத்தனமாக இருக்கும். சில நாட்களில் காது பழகிவிடும். இன்சர்ட்டுடன் 1ஐ அழுத்தினால், நீங்கள் தொடும் ஒவ்வொரு விசையின் பெயரையும் சொல்லும். பழகுவதற்கு அதுவே நல்ல வழி.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பாலத்தால் வாசிக்க மட்டுமல்ல, பொத்தானை அழுத்தவும் முடியும். ஆகவே அறிமுகமில்லாத இடத்திலிருந்து இத்தகைய மென்பொருளை எடுக்காதீர்கள்.

பெரிய தடை நம் பக்கம்தான் இருக்கிறது. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கண்ணுக்கு அது அம்மா. திரைவாசிப்பானுக்கு வெறும் ஆங்கில எழுத்துகள். ஸ்கேன் செய்து அனுப்பும் கடிதமோ அதற்கு வெறும் படம்.

அலுவலகத்திலோ சங்கத்திலோ தட்டச்சு செய்பவர்கள் யூனிகோடில் அடித்து, கோப்பாகவே அனுப்பினால் போதும். செலவில்லை. ஒருவர் தன் மகனின் பெயரைத் தானே வாசித்துச் சரிபார்த்துக்கொள்வார்.