சுருள்வில்லை அறுத்து வண்டியைத் தாழ்த்துதல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பழைய பிக்கப் வண்டிகளைச் செப்பனிட்டு, அவற்றின் உயரத்தைக் குறைத்து ஓட்டும் வழக்கம் பல்லாண்டுகளாக இருந்து வருகிறது. செவ்ரோலே நிறுவனத்தின் சி-10 வண்டி இதற்குப் பெரிதும் விரும்பப்படுவதாகும். 1963 முதல் 1972 வரை வெளிவந்த இவ்வகை வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் முன்புறம், பின்புறம் ஆகிய இரண்டிலும் சுருள்வில்களே பாரத்தைத் தாங்கின. பாரம் ஏற்றுவதற்கென்றே செய்யப்பட்டவையாதலின் இவை நிலத்தினின்று சற்று உயர்ந்தே நிற்கும். அவ்வுயரத்தைக் குறைப்பதற்கு மிகவும் மலிவான வழி, வில்லைக் கழற்றி அதில் ஒரு சுற்றையோ அரைச் சுற்றையோ அறுத்து நீக்குவதாகும். ஆனால் அவ்வாறு அறுக்கும்போது வில்லின் நீளம் மட்டும் குறைவதில்லை. அதன் இயல்பும் மாறுகிறது. அம்மாற்றம் யாது, அதனால் விளையும் ஆபத்துக்கள் யாவை என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

வில்லின் விறைப்பு

இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1678-இல் விளக்கி வெளியிட்ட விதியின்படி, வில்லின் சுருக்கம் அதன்மீது ஏற்றப்படும் பாரத்திற்கு நேர் விகிதத்தில் இருக்கும். ஒரு செ.மீ. சுருங்குவதற்குத் தேவையான பாரத்தை வில்லின் விறைப்பு எனலாம். சுருள்வில் அமுங்கும்போது அதன் கம்பி வளைவதுபோல் தோன்றினும், உண்மையில் பெரும்பாலும் முறுக்கப்படுகிறது. நீண்ட கம்பியை முறுக்குவது எளிது. அதே கனமுள்ள குறுகிய கம்பியை முறுக்குவது கடினம். ஆகவே சுற்றுக்களின் எண்ணிக்கை குறையக் குறைய விறைப்பு மிகுகின்றது.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். எட்டுச் சுற்றுக்களைக் கொண்ட வில் ஒன்று, பாரமற்ற நிலையில் 42 செ.மீ. உயரம் உள்ளது எனக் கொள்வோம். 800 கிலோ பாரத்தின்கீழ் அது 10 செ.மீ. சுருங்கி 32 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. எனவே அதன் விறைப்பு செ.மீ. ஒன்றுக்கு 80 கிலோ. இதில் ஒரு சுற்றை நீக்கினால், எஞ்சிய ஏழு சுற்றுக்களின் உயரம் 36.75 செ.மீ. ஆகும். விறைப்போ ஏறத்தாழ 91.4 கிலோவாக உயரும். அதே பாரத்தை ஏற்றினால் இப்போது வில் 8.75 செ.மீ. மட்டுமே சுருங்கி, 28 செ.மீ. உயரத்தில் நிற்கும். அறுத்து நீக்கிய துண்டின் உயரம் 5.25 செ.மீ. ஆயினும், வில் தாழ்ந்தது 4 செ.மீ. மட்டுமே. பாரத்தைத் தாங்கி நிற்கும் வில்லின் உயரத்தைச் சுற்றுக்களின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு சுற்றுக்கு எவ்வளவு தாழும் என்பது கிடைத்துவிடும்.

ஆயினும் வண்டி தாழும் அளவு இதுவன்று. இவ்வகை வண்டிகளின் முன்புறத்தில் வில் சக்கரத்தின் நேர்மேலே இல்லை. ஒரு முனையில் அச்சாணியால் பொருத்தப்பட்ட கீழ்க்கரத்தின் இடைப்பகுதியில் அமர்ந்திருக்கும். கரத்தின் மறுமுனையில் சக்கரம் இருக்கும். வில் சரி நடுவில் இருப்பின், நெம்புகோல் விதிப்படி, வில் 4 செ.மீ. தாழ்ந்தால் வண்டி 8 செ.மீ. தாழும். இதை அறியாது ஒரேயடியாக ஒரு சுற்றை அறுத்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் உண்டு. அறுத்ததை ஒட்டவைக்க இயலாது. எனவே முதலில் அரைச் சுற்றை மட்டும் அறுத்து, பொருத்தி அளந்து பார்ப்பதே முறை.

இழப்பது யாது?

விறைப்பு மிகுந்தமையால் வண்டி முன்னிலும் அதிகப் பாரம் தாங்கும் எனச் சிலர் எண்ணுகின்றனர். இது தவறு. சக்கரம் மேலெழும்பும்போது அடிச்சட்டத்தில் மோதாதவாறு ரப்பர்த் தடை ஒன்று அமைந்திருக்கும். அத்தடையை எட்டுமுன் சக்கரம் எழும்புவதற்கு முன்பு 9 செ.மீ. இடம் இருந்ததாகக் கொள்வோம். மேற்கூறிய வில்லில், ஒரு சக்கரத்தின்மீது 180 கிலோ கூடுதல் பாரம் வந்தாலன்றித் தடையை எட்டாது. ஒரு சுற்றை அறுத்தபின் எஞ்சுவது 1 செ.மீ. இடமே, 23 கிலோ கூடினாலே தடை இடித்துவிடும். விறைப்பு ஏழில் ஒரு பங்கு கூடிற்று. இடைவெளியோ ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்தது. குழியில் இறங்கி ஏறும் அதிர்ச்சியை வில் வாங்கிக்கொள்ளாது; அது நேரே அடிச்சட்டத்தையும் மூட்டுக்களையும் தாக்கும். பாரம் ஏற்றும் பின்புறத்தில் இக்குறை இன்னும் கடுமையாகும்.

சூட்டினால் வரும் கேடு

வில்லை அறுப்பதற்குக் காஸ் கட்டிங் முறையைக் கையாளக் கூடாது. வில்லுக்குரிய எஃகு, சிவக்கக் காய்ச்சி விரைந்து குளிரச் செய்யப்பட்டு, மீண்டும் சில நூறு டிகிரி அளவான சூட்டில் பதப்படுத்தப்பட்டதாகும். ஆக்ஸி-அசிட்டிலீன் சுடரின் வெப்பநிலை 3,000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்பட்டது. சூடேறிய பகுதி தன் பதத்தை இழந்து, பாரத்தின்கீழ் நிலையாக அமுங்கிவிடும். திடீரெனக் குளிர்ந்தால் நொறுங்கும் தன்மையைப் பெற்று வெடிக்கும். கழற்றாமலே வில்லைச் சுடரால் காய்ச்சி அமுங்கச் செய்யும் பழைய முறை இதனினும் கொடியது. அறுப்பதற்குக் கட்டிங் வீல் எனப்படும் தேய்த்து அறுக்கும் தகடே ஏற்றது. இடையிடையே நிறுத்தி ஆறவிடுதல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. முனைச்சுற்று தட்டையாக மடக்கப்பட்டோ, விட்டம் குறுகியோ இருப்பின் அம்முனையை அறுக்கலாகாது. இயல்பான சரிவுடன் முடியும் முனையையே அறுக்கலாம். அறுத்த முனை தன் இருக்கையில் முன்போலப் பொருந்த வேண்டும்.

2. வண்டியை ஜாக்கியால் தூக்கிச் சக்கரம் தொங்கும் நிலையிலும் வில் இருக்கையை விட்டு நழுவாதிருத்தல் வேண்டும். நழுவுமாயின் அவ்வில் ஓட்டத்திற்கு உதவாது.

3. சக்கரங்களின் சாய்வும் நேர்மையும் மாறியிருக்குமாதலின் வீல் அலைன்மென்ட் செய்தல் இன்றியமையாதது. ஷாக் அப்சார்பரின் நீளம், பிரேக் குழாய்கள், முகப்பு விளக்கின் நோக்கு ஆகியவற்றையும் சரிபார்த்தல் வேண்டும்.

4. சக்கரத்தின் இரும்பு விளிம்புக்குக் கீழே வண்டியின் வேறெந்தப் பகுதியும் தாழலாகாது. டயரில் காற்று முற்றிலும் இறங்கினால் அப்பகுதி சாலையில் உராயும் என்பதே காரணம். கலிபோர்னியா மாநிலத்தில் 1958 முதல் இது சட்டமாகவே இருந்தது. 2024 ஜனவரி முதல் நீக்கப்பட்டது. சட்டம் நீங்கினும் அதன் காரணம் நீங்கவில்லை.

5. 800 கிலோ பாரத்தால் 10 செ.மீ. சுருங்கிய வில்லில் அடங்கியுள்ள சக்தி, 40 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்தினின்று போடுவதற்கு ஒப்பாகும். சக்கரம் தொங்கும்போதும் வில் முற்றிலும் தளர்வதில்லை. எனவே வண்டியை உறுதியான ஸ்டாண்டுகளின்மீது நிறுத்தி, வில்லை அதற்குரிய கருவியால் அமுக்கிப் பிடித்து, சங்கிலியால் பிணைத்த பின்னரே கழற்றுதல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகுதல் உயிருக்கு ஆபத்து.

நம் நாட்டில் களப்பணிக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த ஜீப்புகள் பட்டைவில்களின்மீது நிற்பவை. அவற்றுக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. சுருள்வில் அமைந்த வண்டிகளைப் பொறுத்தமட்டில், தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் மறக்கலாகாது.

ஆசிரியர்கள் இவ்வுண்மையை வகுப்பறையிலேயே காட்டலாம். மென்மையான சுருள்வில் ஒன்றைத் தொங்கவிட்டு, 100 கிராம் எடையால் அது எவ்வளவு நீள்கிறது என அளக்க வேண்டும். பின்னர் அதே வில்லை நடுச்சுற்றில் கட்டித் தொங்கவிட்டு, கீழ்ப்பாதி மட்டும் நீளுமாறு செய்து அதே எடையை மாட்டினால், நீட்சி பாதியாகக் குறையும். பாதி வில்லுக்கு இரு மடங்கு விறைப்பு என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர். பட்டறையில் ஒரு சுற்றை அறுக்கும் தொழிலாளியும் இவ்விதிக்கு உட்பட்டே அறுக்கிறார். அதை அறிந்து அறுப்பாராயின், எவ்வளவு அறுப்பது, எங்கே நிறுத்துவது என்பது அவருக்கு முன்னரே தெரிந்திருக்கும்.