சுயாதீனத் திரைப்படமும் பதிப்புரிமையும்: சில அவதானங்கள்

கலைப்படைப்பொன்று மக்களைச் சென்றடைவதை அதன் அழகியற் பெறுமானமும் சமூக உள்ளடக்கமும் மட்டும் நிர்ணயிப்பதில்லை. விநியோகத்தின் மீது நிலவும் உடைமை உறவுகளும் நிர்ணயிக்கின்றன. திரைப்படத் துறையில் இவ்வுறவுகள் சட்ட ஆவணங்களாகவே வெளிப்படுகின்றன.

சார்ள்ஸ் பேர்னெற் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டத்துக்கென 1977இல் சமர்ப்பித்த 'கில்லர் ஒஃப் ஷீப்' இதற்குத் தக்க உதாரணமாகும். வாட்ஸ் பகுதியில் வாழ்ந்து, ஆடறுக்கும் கொல்களத்தில் உழைக்கும் கறுப்பினத் தொழிலாளியொருவனின் வாழ்வைச் சித்திரிக்கும் இப்படம் 10,000 டொலருக்கும் குறைந்த செலவில் உருவானது. திரையரங்குகளை நோக்காத மாணவர் படமாதலின் பாடல்களுக்கு உரிமை பெறப்படவில்லை. 1990இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்ற பின்னரும் அது பரந்த விநியோகத்துக்கு வரவில்லை. இசையுரிமைக்கென ஏறத்தாழ 150,000 டொலர் செலுத்தப்பட்ட பின்னர், 2007இலேயே அது திரையரங்குகளை அடைந்தது. தயாரிப்புச் செலவின் பதினைந்து மடங்குக்கும் அதிகமான தொகை அது.

இந்நிலை எவ்வாறு தோன்றுகின்றது? பாடலொன்றில் இருவேறு உரிமைகள் உள. ஒன்று பாடலாக்கத்துக்குரியது, மற்றையது ஒலிப்பதிவுக்குரியது. பெரும்பாலும் முன்னையது இசைப் பதிப்பகத்திடமும் பின்னையது இசைத்தட்டு நிறுவனத்திடமும் இருக்கும். இரண்டில் ஒன்று மறுக்கப்படினும் அப்பாடலைப் பயன்படுத்த இயலாது. அனுமதிகள் முறைப்படி பெறப்பட்டமைக்குச் சான்றின்றேல் வழக்குகளுக்கெதிரான காப்புறுதி கிடைப்பது அரிது. அக்காப்புறுதியின்றேல் விநியோகத்தரும் ஒளிபரப்பு நிறுவனங்களும் படத்தை ஏற்கத் தயங்குவர்.

இதனால் ஆவணங்கள் யாவும் மூலதனத்தின் கருவிகளே என முடிவுசெய்வது இயந்திரப் பாங்கான நோக்காகும். ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர், நடிகர் ஆகியோரின் உழைப்பையும் ஊதியத்தையும் பாதுகாப்பது எழுத்திலான ஒப்பந்தமே. படப்பிடிப்பின் தொடக்கத்திலேயே அதனைச் செய்துகொள்ளல் தோழமைக்கு மாறானதன்று.

மாற்றமும் சாத்தியமே என்பதை வரலாறு காட்டுகின்றது. உரிமை பெறாது மேற்கோளாகப் பயன்படுத்தக்கூடிய நியாயமான எல்லைகளை அமெரிக்க ஆவணப்படக் கலைஞர்கள் 2005இல் ஒன்றுகூடி வரையறுத்து வெளியிட்டனர். முன்னர் அத்தகைய பயன்பாட்டை ஏற்க மறுத்த காப்புறுதி நிறுவனங்கள் சில ஆண்டுகளுள் ஏற்கலாயின. இங்கு சட்டத்தின் வாசகம் மாறவில்லை. அதனைத் தனித்தனியே அஞ்சியவர்கள் கூட்டாக வாசித்தனர். சுயாதீனத் திரைப்பட இயக்கம் எதுவாயினும் கமராவைக் கற்பதுபோல் இதனையும் கற்றல் அவசியமாகும்.