நூறு கேள்வி, ஒரு மனம்

1907 மார்ச் 10. சென்னை விக்டோரியா பப்ளிக் ஹால். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் அன்று அங்கே சதாவதானம் செய்து காட்டினார். சதம் என்றால் நூறு, அவதானம் என்றால் கவனம். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். இன்னொருவர் கணக்கு கேட்பார். முதுகில் கல்லோ நெல்லோ விழுந்துகொண்டிருக்கும், நடுநடுவே மணி அடிக்கும். எத்தனை என்று கடைசியில் சொல்லியாக வேண்டும். அவதானக் கலையின் வழக்கம் இது.

இப்படிப்பட்டவர்களுக்கு நம்மைவிடப் பெரிய மூளை என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. யாருக்குமே மனத்தின் கைப்பிடி சிறியது. தொடர்பில்லாத எண்களைச் சொன்னால் ஏழெட்டுக்கு மேல் நிற்காது. ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1956-இல் எழுதிய கட்டுரையால் இது பிரபலமானது.

180619472004. ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிச் சொல்லுங்கள். தடுமாறும். அதையே 1806, 1947, 2004 என்று பிரித்துப் பாருங்கள்: வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி, சுதந்திரம், சுனாமி. பன்னிரண்டு எண்கள் மூன்று முடிச்சாகிவிட்டன. கைப்பிடி பெரிதாகவில்லை. ஏற்கெனவே தெரிந்ததில் புதியதை முடிந்துவிட்டோம், அவ்வளவுதான்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எரிக்சன், சேஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஒரு மாணவருக்கு எண்களை வாசித்துக்கொண்டே இருந்தார்கள். தொடக்கத்தில் அவருக்கும் ஏழுதான். ஆனால் அவர் ஓட்டக்காரர். 3492 என்று கேட்டால், ஒரு மைலை 3 நிமிடம் 49.2 நொடியில் ஓடிய கணக்கு என்று முடிந்துகொள்வார். சுமார் 20 மாதத்தில் 79 எண்கள்வரை போய்விட்டார். 1980-இல் வெளிவந்த அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் வேறு: எண்ணை விட்டு எழுத்துகளைக் கொடுத்ததும் ஆசாமி ஆறோடு நின்றுவிட்டார்.

அவதானிக்கு அந்த முடிச்சு யாப்பு. ஈற்றடி கைக்கு வந்ததும் மூன்றாம் அடிக்கான எதுகை தெரிந்துவிடும். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்று பள்ளியில் ஒப்பித்தோமே, அந்தத் தளை சீருக்குச் சீர் பாட்டை இழுத்துக்கொண்டு போகும். பல்லாயிரம் பாட்டு வாயில் ஊறிய ஆளுக்குத்தான் இது நடக்கும். நமக்கு மனப்பாடச் செய்யுளுக்கே மூச்சு முட்டியது.

இன்னொன்று. கவனம் ஒரே நேரத்தில் நூறு இடத்தில் இருப்பதில்லை. ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவுகிறது. தாவும் அந்தக் கண நேரத்தில் விட்ட இடம் காலிதான். மேடையில் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், அவதானி நிதானித்துப் பதில் சொல்லலாம். வண்டி ஓட்டும்போது குறுக்கே ஓடிவரும் குழந்தை அப்படி அவகாசம் தராது. போனைக் கையில் பிடிக்காமல் இயர்போனைக் காதில் மாட்டிப் பேசினாலும் மனம் தாவத்தான் செய்யும். போன் வந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுங்கள்.