வாளியும் தோள்பையும் போதும்

எடையைக் குறைக்கிறவர்கள் கொழுப்போடு சேர்த்துத் தசையையும் இழக்கிறார்கள். தசையைக் காப்பாற்ற வீட்டில் இருக்கும் பொருட்களே போதும்.

புனேயின் ஏரவாடா மத்திய சிறை. மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் ஆயுதச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்ட இந்தி நடிகர் சஞ்சய் தத், 2013 மே முதல் 2016 பிப்ரவரி 25 வரை, பரோலில் வெளிவந்த நாட்கள் நீங்கலாக, இங்கேதான் இருந்தார். தண்ணீர் நிரப்பிய வாளிகளைத் தூக்கிப் பயிற்சி செய்கிறார், பல கிலோ குறைந்துவிட்டார் என்று அப்போது செய்திகள் வந்தன. நட்சத்திரங்களைப் பற்றிய வழக்கமான செய்தி என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் வாளி விஷயம் ஒதுக்கக்கூடியதல்ல. டம்பெல்லோ, பிளாஸ்டிக் வாளியோ, தசைக்குத் தெரிவது பாரம் மட்டும்தான்.

இந்தியர்களுக்கு அந்தப் பாரம் ஏன் அவசியம் என்பதற்கான விளக்கமும் புனேயிலிருந்தே வந்தது. நகரின் கே.இ.எம். மருத்துவமனையின் நீரிழிவு நிபுணர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே: 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. புனே பகுதிக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளிடமும் யாக்னிக் குழுவினர் இதையே கண்டார்கள். சராசரி எடை 2.7 கிலோதான், குறைவு பெரும்பாலும் தசையில், கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை.

ஆக, கையிருப்பே குறைவு. இந்த நிலையில் சாப்பாட்டை மட்டும் குறைத்தால், இழக்கும் எடையில் சுமார் கால் பங்கு தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத திசுவாக இருக்கும் என்பது பொதுவான கணக்கு. தசை போனால் பலம் போகிறது. ரத்தத்தில் உள்ள சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் இடமும் சுருங்குகிறது. இதைத் தடுக்கும் வழி பளுப் பயிற்சி. வாரத்தில் குறைந்தது 2 நாட்களாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று காசில்லாப் பயிற்சி நமக்குப் புதிதல்ல. ஆனால் கனத்த உடம்போடு முதல் நாளே தரையில் தண்டால் எடுக்க முயன்றால் தோள்தான் வலிக்கும். சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம், பிறகு கட்டில் விளிம்பு, கடைசியில் தரை. பஸ்கிக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலே போதும். முதுகுக்கு, தோள்பையில் அரிசியோ புத்தகங்களோ நிரப்பி, குனிந்த நிலையில் வயிற்றை நோக்கி இழுக்கலாம். இடுப்புக்கும் தொடைக்கும், முதுகை வளைக்காமல் தண்ணீர் வாளியைத் தரையிலிருந்து தூக்கலாம். மூடியுள்ள கேன் என்றால் தண்ணீர் தளும்பாது.

ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை. அப்படி 2 அல்லது 3 சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். 12 முறை சுலபமானதும் பாரத்தைக் கூட்ட வேண்டும். இதற்குத் தராசு வேண்டாம்: ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பாரம் ஏறாத பயிற்சியில் பலமும் ஏறாது. தூக்கும்போது மூச்சை அடக்கக்கூடாது. ரத்த அழுத்தம், இதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்பது நல்லது.

செலவு என்று பார்த்தால் அது சமையலறையில்தான். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்த அளவு. 60 கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்கு சுமார் 50 கிராம். எடை குறைக்கும் காலத்தில் சற்றுக் கூடுதலாகவே தேவை. விலையுயர்ந்த புரதப் பவுடர் டப்பா கட்டாயமில்லை. ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் பொட்டுக்கடலையில் சுமார் 20. அதே அளவு மீல்மேக்கரில் சுமார் 50. குறைக்க வேண்டியது சோற்றையும் சர்க்கரையையும் எண்ணெயையும்.

வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும். சில வாரங்களில் தராசு முள் அசையாமலும் இருக்கலாம். அப்போது தையற்காரரின் அளவு நாடாவை நம்பலாம். இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இந்தியர்களுக்கான எச்சரிக்கைக் கோடு. நாடா சுருங்கி, வாளியில் தண்ணீர் கூடிக்கொண்டே போனால், குறைவது கொழுப்பு என்று நம்பலாம்.