வளை வாயிலில் காத்திருக்கும் நாய்

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் இலைகள் உதிர்ந்து, புதர்கள் வாடி, வேலியோரத்து முயல் வளைகளின் வாய்கள் மறைவின்றிப் புலப்படும் குளிர்மாதங்களில், ஒரு மனிதனும் ஒரு நாயும் ஃபெரெட் என்னும் சிறு மாமிசபட்சணி ஒன்றும் கூடி நடத்தும் வேட்டை ஒன்று பல நூற்றாண்டுகளாக வழக்கத்தில் இருந்து வருகிறது. அந்நாட்டு முயல், நம் காடுகளில் புல்லிடையே பதுங்கி வாழும் முயலைப் போன்றதன்று; மண்ணுக்குள் பல வாயில்களோடு வளை தோண்டிக் கூட்டமாகக் குடியிருக்கும் குழிமுயல் அது. நாய் முதலில் வளையை முகர்ந்து, உள்ளே முயல் உண்டென்றால் அசையாமல் நின்று அறிவிக்கிறது. மனிதன் ஓசையின்றி ஒவ்வொரு வாயிலின் மீதும் பைவலையை விரித்து முளையடித்துவிட்டு ஃபெரெட்டை உள்ளே அனுப்புகிறான். பகை நுழைந்துவிட்டதை உணர்ந்த முயல் வெளியே பாய்ந்து வலைக்குள் சுருண்டு விழுகிறது. வலையைத் தப்பியோடும் முயலைத் துரத்திப் பிடித்து, நசுக்காமல், உயிரோடு எஜமானன் கையில் கொண்டுவந்து சேர்ப்பதும் அந்த நாயின் கடமையே.

சொல்லக் கேட்கும்போது எளிதாகத் தோன்றும் இந்த உத்தியோகம், ஒன்றுக்கொன்று முரண்பட்ட குணங்களை ஒரே பிராணியிடம் எதிர்பார்க்கிறது என்பதைச் சற்றே சிந்தித்தால் உணரலாம். முயல் வளையிலிருந்து வெகுதூரம் செல்வதில்லை. ஆகையால் நெடுந்தூரம் ஓடும் சக்தியைவிட, நின்ற இடத்திலிருந்து ஒரே கணத்தில் முழு வேகத்தை எட்டும் திறனும், பாதி ஓட்டத்தில் திரும்பும் லாகவமும் நாய்க்கு வேண்டும். அதே நாய், வலையில் முயல் துள்ளும்போது பாய்ந்து வலையைக் கிழிக்காமலும், ஒருமுறையேனும் குரைத்து வளைக்குள் இருப்பவற்றை எச்சரிக்காமலும் நிற்க வேண்டும். எல்லாவற்றையும்விட அரிதானது இது: வளை வாயிலிலிருந்து வெளிப்படுவது முயலானால் பிடிக்கவும், ஃபெரெட்டானால் தீண்டாதிருக்கவும், கண்ணிமைக்கும் நேரத்திற்குள் அது விவேகத்தோடு முடிவு செய்ய வேண்டும். இத்தனை குணங்களும் ஒருங்கே அமைந்த தூய ஜாதி ஒன்று இல்லாமையாலேயே, இவ்வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இரு வேறு ரத்தங்களைக் கலந்து தமக்கு வேண்டிய நாயைத் தாமே உண்டாக்கி வந்திருக்கிறார்கள். லர்ச்சர் என்று வழங்கும் அந்த நாய், ஓரினமாக இல்லாமல், ஒரு காரியத்தை முன்னிட்டுச் செய்த கலப்புகள் அனைத்திற்கும் பொதுப்பெயராக விளங்குகிறது.

ஃபெரெட்டும் மனிதன் உருவாக்கிய பிராணியே. ஐரோப்பியக் காடுகளில் வாழும் போல்கேட் என்னும் சிறு மாமிசபட்சணியை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டில் வளர்த்துப் பழக்கியதன் பயனாகத் தோன்றிய இது, கீரியைப் போல் நீண்டு வளைந்து எந்தச் சந்திலும் புகுந்து செல்லும் தேகம் உடையது. பாலியாரிக் தீவுகளில் முயல்கள் பெருகிப் பயிர்களை அழித்ததையும், அவற்றை விரட்ட வாய்ப்பூட்டுப் போட்ட ஃபெரெட் போன்ற விலங்குகளை வளைக்குள் அனுப்பியதையும் கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ குறித்திருக்கிறார். அத்தீவு மக்கள் முயல்களுக்கு எதிராக அகஸ்டஸ் சக்கரவர்த்தியிடம் படையுதவி கோரினார்கள் என்று ரோமானிய ஆசிரியர் பிளினி எழுதியிருக்கிறார். ஃபெரெட் சில வேளைகளில் வளைக்குள்ளேயே முயலைக் கொன்று தின்று உறங்கிவிடும் ஆகையால், பழங்காலத்தில் அதன் கழுத்தில் நீண்ட கயிறு கட்டி அனுப்பினார்கள். இக்காலத்தில் கழுத்துப்பட்டையில் சிறு ரேடியோ கருவியைப் பொருத்தி, அது கிடக்கும் இடத்தைக் கண்டு தோண்டி எடுக்கிறார்கள்.

குழிமுயல் இங்கிலாந்தின் பூர்வகுடி அன்று. அதைக் கொண்டுவந்து பரப்பியவர்கள் நார்மானியர்கள். மாமிசத்திற்காகவும் மென்தோலுக்காகவும் பிரபுக்களும் மடாலயங்களும் அதைத் தனி நிலங்களில் காவலிட்டு வளர்த்தமையால், முயல் அந்நாளில் செல்வர்களின் சொத்தாகவே மதிக்கப்பட்டது. 1390-ஆம் ஆண்டில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னன் காலத்துச் சட்டம், ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானமுள்ள நிலம் இல்லாத குடியானவன் வேட்டைநாய் வைத்திருப்பதையும், ஃபெரெட்டும் வலையும் கொண்டு முயல் பிடிப்பதையும் தடை செய்தது. 1671-ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டமோ லர்ச்சரைப் பெயர் சொல்லியே விலக்கியது. ஏழையின் அடுப்பில் மாமிசம் வேகக் காரணமாயிருந்த நாய்க்கு அதிகாரம் எவ்வளவு அஞ்சியது என்பதற்கு இச்சட்டங்களே சாட்சி. குத்தகை விவசாயி தன் பயிரைத் தின்னும் முயலைத் தானே கொல்லலாம் என்னும் மறுக்க முடியாத உரிமை, 1880-ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் அவனுக்குக் கிட்டியது.

இந்த வேலைக்கென்று செய்த கலப்புகளுள் மிகவும் பெயர்பெற்றது விப்பெட்டும் பெட்லிங்டன் டெரியரும் சேர்ந்தது. வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் பந்தயத்திற்கும் முயல் பிடிப்பதற்குமாக வளர்த்து மேன்மைப்படுத்திய விப்பெட், 1891-ஆம் ஆண்டில்தான் அந்நாட்டு நாயினச் சங்கமான கென்னல் கிளப்பின் அங்கீகாரத்தைப் பெற்றது. குறுகிய தூரத்தில் அதன் பாய்ச்சலை விஞ்சும் நாய்கள் சிலவே. ஆயினும் அதன் மயிர் மெல்லியது, தோல் எளிதில் கிழிவது. முள்வேலியும் பனிமழையும் நிறைந்த ஒரு மார்கழிப் பகல் முழுவதும் உழைப்பதற்கு அது போதாது. நார்தம்பர்லாந்துச் சுரங்க ஊரான பெட்லிங்டனின் பெயரைத் தாங்கிய டெரியரோ, ஆட்டுக்குட்டியைப் போன்ற தோற்றத்திற்குள் தளராத ஊக்கத்தையும், அடர்ந்த மயிர்ப்போர்வையையும், கூரிய மோப்ப சக்தியையும் மறைத்து வைத்திருக்கிறது. இவ்விரண்டும் கலந்து பிறந்த குட்டி, விப்பெட்டின் வேகத்தில் சிறிதை இழந்து, மூக்கையும் துணிவையும் குளிர் தாங்கும் வலிமையையும் அடைகிறது. பணியில் இன்னும் பணிவும் கூர்மையும் வேண்டுவோர், கோலி என்னும் மந்தைநாயின் ரத்தத்தைக் கிரேஹவுண்ட் என்னும் வேட்டைநாயோடு சேர்ப்பார்கள். ஆனால் அவ்வகை நாய் உருவத்தில் பெரியதாகி, புதர் நெருங்கிய வேலியோரத்தைவிடத் திறந்த வயல்களுக்கே ஏற்றதாகிவிடுகிறது.

கலப்பு என்றால் கண்ட நாயைக் கண்ட நாயோடு சேர்ப்பது என்று எண்ணுவது பெருந்தவறு. இரு தூய ஜாதிகள் சேர்ந்த முதல் தலைமுறையில் குட்டிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அக்குட்டிகளையே மீண்டும் தம்முள் இணைத்தால், ஒடுங்கியிருந்த குணங்கள் பிரிந்து வெளிப்பட்டு, ஒரே ஈற்றில் ஒரு குட்டி டெரியராகவும் மற்றொன்று விப்பெட்டாகவும் சாயும். குணத்திற்கு நேரும் இந்த விதி வியாதிக்கும் பொருந்தும். பெட்லிங்டன் டெரியர்களில், கல்லீரலில் செம்பு தேங்கி உயிரைக் குடிக்கும் பரம்பரை நோய் ஒன்றுண்டு. பழுதான மரபணு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தாலன்றி அந்நோய் தோன்றாது. எனவே விப்பெட்டோடு சேர்ந்து பிறந்த முதல் தலைமுறைக் குட்டி நோயின்றி வாழும். பழுதை மறைவாகச் சுமக்கும் அத்தகைய இரு நாய்களை அறியாமல் இணைத்துவிட்டாலோ அடுத்த தலைமுறையில் அது தலைகாட்டும். கோலிகள் பலவற்றில் சில மருந்துகளை உடல் தாங்காத மரபணுக் கோளாறு காணப்படுகிறது. மெர்ல் என்னும் புள்ளி நிறமுடைய இரு நாய்களைச் சேர்த்தால் செவிடும் குருடுமான குட்டிகள் பிறக்கக்கூடும். விப்பெட்டிலோ, 2007-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியின்படி, தசை வளர்ச்சியை அடக்கும் மரபணுவில் ஒரு பிரதி மட்டும் பழுதுபட்ட நாய் பந்தயத்தில் மிகுந்த வேகம் காட்டுகிறது. இரு பிரதிகளும் பழுதுபட்டதோ தசை மிதமிஞ்சித் திரண்டு உருமாறிவிடுகிறது. வேகம் ஒன்றையே நாடித் தேர்ந்தெடுப்பவன் எந்த விளிம்பில் நிற்கிறான் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. மரபணுச் சோதனை எளிதில் கிடைக்கும் இக்காலத்தில், பார்க்காமல் இணைத்துவிட்டுப் பிறகு விதியை நோவது நியாயமாகாது.

ரத்தம் கொடுப்பது பாதி. மறு பாதியைப் பழக்கமே கொடுக்கிறது. தாயைப் பிரிந்து வந்த சிறு பருவத்திலேயே குட்டியை ஃபெரெட்டுகளின் அருகில் வைத்து, அவையும் தன் வீட்டைச் சேர்ந்தவை என்று அது உணரும்படி செய்வார்கள்; துள்ளி விளையாடும் குட்டி அத்துமீறினால், ஃபெரெட்டின் கூரிய பற்களே அதற்கு முதல் பாடம் கற்பித்துவிடும். எலும்பு முதிராத இளம் நாயைச் சேற்று நிலத்தில் ஓடவிடாமல், ஏறத்தாழ ஒரு வயது வரை பொறுப்பதே அனுபவசாலிகளின் வழக்கம். அதன்பின் வளையை முகரக் கற்கும் நாள்களில், பொறுமை நாயைவிட மனிதனுக்கே அதிகமாகத் தேவைப்படுகிறது. உள்ளே ஒன்றுமில்லை என்று நாய் விலகிச் சென்ற வளையில், ஆசையினால் அவன் வலை விரித்து ஃபெரெட்டை விட்டுப் பார்ப்பானாயின், அது தன் மூக்கை நம்புவதற்குப் பதிலாக எஜமானன் முகத்தைப் பார்த்து நிற்கப் பழகிவிடும். நாயின் சொல்லை மதிக்கத் தெரிந்தவனுக்கே உண்மை சொல்லும் நாய் அமைகிறது.

இன்றைய இங்கிலாந்தில் இவ்வேட்டை அருகி நிற்பினும் அற்றுப்போகவில்லை. 1953-ஆம் ஆண்டில் கென்ட் பகுதியில் தலைகாட்டிய மிக்ஸொமட்டோஸிஸ் என்னும் கொள்ளைநோய், அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் முயல்களில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலானவற்றை வீங்கிய கண்களோடும் நீண்ட வேதனையோடும் மாளச் செய்தது. எஞ்சியவற்றின் சந்ததி மெல்ல மெல்ல மீண்டும் பெருகி, தானியப் பயிரையும் இளமரக் கன்றுகளையும் மேயத் தொடங்கியது. 2004-ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம், நரியையும் வளை தோண்டாத காட்டுமுயலையும் நாய் கொண்டு வேட்டையாடுவதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடை செய்தபோது, நிலத்துக்கு உரியவரின் சம்மதத்தோடு குழிமுயலையும் எலியையும் பிடிப்பதற்கு விலக்கு அளித்தது. நச்சுவாயுவின்றி, துப்பாக்கிச் சப்தமுமின்றி, பிடிபட்ட முயலைக் கணத்தில் முடித்து உணவாக்கும் இம்முறையில், கொல்பவன் தன் செய்கையைத் தன் கண்ணால் கண்டு பொறுப்பேற்கிறான் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பொறுப்பு என்னும் அச்சொல் நாயைப் பிறப்பிப்பவனுக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். ஓர் ஈற்றில் ஏழெட்டுக் குட்டிகள் பிறந்தால், அவற்றுள் வலைக்கும் வளைக்கும் ஏற்றவை சிலவே ஆகலாம். குரைக்கும் சுபாவமுள்ளதும், ஃபெரெட்டைப் பொறாததும், பிடித்த முயலை நசுக்குவதும் மற்றவற்றுள் இருக்கும். வேலைக்கு உதவாத இந்த நாய்கள் தெருவில் விடப்பட்டு, அடைக்கலம் தரும் தர்ம ஸ்தாபனங்களின் கூடுகளை நிரப்பி வருவது பிரிட்டனுக்கு நீங்காத அவமானமாக இருந்து வருகிறது. நாயிடம் நாம் வியந்து பாராட்டும் மேன்மை, அது வலையின் முன்னால் தன்னை அடக்கி நிற்பதுதான். அந்த அடக்கம் வளர்ப்பவனிடத்திலும் இருக்க வேண்டும்: உறுதியான வேலையோ அன்பான வீடோ எத்தனை குட்டிகளுக்குக் காத்திருக்கிறது என்று அறிந்த பின்னரே அவன் இணை சேர்க்கத் துணிய வேண்டும். வேலைக்கு உதவாமல் விலகிப்போன குட்டியையும் தன் குட்டியாகவே ஏற்றுக்கொள்ளத் தயாராயிருப்பவனுக்கே இரு ரத்தங்களைக் கலக்கும் உரிமை உண்டு.