மாமா வீட்டுக் கிணறும் ராமேஸ்வரத்துப் பாறையும்

சிவில் படிக்கிற நமக்குப் பாறை என்றால் ஜல்லி, அவ்வளவுதான். நானும் அப்படித்தான் இருந்தேன், இரண்டாமாண்டு லீவில் தங்கச்சிமடம் மாமா வீட்டில் கிணறு தோண்டும்வரை.

மணலைத் தோண்டிக்கொண்டே போனபோது முழங்காலளவு நல்ல தண்ணீர் ஊறியது. அப்புறம் கடப்பாரை 'டங்'கென்றது. தளம் போட்ட மாதிரி ஒரு கல்பலகை. "மாப்ளே, படிச்சவன் நீ சொல்லு" என்றார் மாமா. மதுரைப் பக்கக் கிணறுகளை மனதில் வைத்துக்கொண்டு, "பாறை வந்தாச்சு மாமா, உடைச்சுப் போனா நல்ல ஊத்து" என்று அடித்துவிட்டேன். உடைத்தால் பலகை ஒரு அடிகூட இல்லை. கீழே மறுபடியும் மணல்! இன்னும் ஆறடி போனார்கள். தண்ணீர் வந்தது, கடல் மாதிரி கரித்துக்கொண்டு.

உடைந்த துண்டு ஒன்றை நம் லேபுக்குக் கொண்டுவந்தேன். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் நுரைத்தது. நுரை அடங்கியதும் மணல் உதிர்ந்தது. அப்போதுதான் புரிந்தது, அது இயற்கை போட்ட கான்கிரீட்! ஆறுகள் கடலில் சேர்த்த மணலும் சிப்பி, பவளத் துணுக்குகளும் அதற்கு ஜல்லி. சிப்பியும் பவளமும் கால்சியம் கார்பனேட். அலையேறி இறங்கும் கரையில் ஈரம் வெயிலில் காயக்காய, கரைந்திருந்த கார்பனேட் மணல் இடுக்குகளில் படிந்து பிடித்துக்கொள்கிறது. இதைக் கடற்கரைப் பாறை என்பார்கள். இதற்கு லட்சக்கணக்கான வருஷம் வேண்டாம். வேறு நாடுகளில் இதற்குள் பாட்டில் கண்ணாடிகூடச் சிக்கியிருக்கிறது. புயல் கொண்டுவந்தது பெருஞ்சிப்பி அடுக்கு, அமைதியான அலை விட்டுப்போனது பொடிமணல் அடுக்கு. அடுக்குகள் கடற்கரையைப் போலவே கடலைப் பார்த்துச் சற்றுச் சரிந்திருக்கும். பாளம்பாளமாக வெடித்திருப்பதால் யாரோ கொத்தி அடுக்கியது போலத் தோன்றும்.

சரி, கரையில் உண்டாகிற கல் மாமா வீட்டுக் கொல்லைக்கு எப்படி வந்தது? கல் வரவில்லை, கடல்தான் தள்ளிப்போனது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம்! பிறகு பனி உருகிக் கடல் ஏறியது. தீவின் கரையோரம் நீர்மட்டத்துக்கு மேலே செத்த பவளப்பாறை நிற்கிறது. ரேடியோகார்பன் கணக்கில் அதன் வயது சுமார் 4,000 ஆண்டு. பவளம் தண்ணீருக்கு வெளியே வளராது. ஆகவே அன்று கடல் இன்றைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அது இறங்க இறங்க முன்னால் புது மணல் சேர்ந்து தீவு அகலமானது. பழைய கரையின் கல் மணலுக்குள் புதைந்துபோனது.

ஆக, நான் பாறை என்றது அடிப்பாறையே இல்லை, வெறும் அப்பளம். மழைத் தண்ணீர் எடை குறைவானதால் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. தண்ணீர் போதவில்லை என்றால் அகலமாகத் தோண்டியிருக்க வேண்டும். நான் ஆழமாகத் தோண்டச் சொன்னேன்.

மாமா திட்டவில்லை. ஆறடி மணலையும் திரும்பக் கொட்டினார். பல மழைக்குப் பிறகு தண்ணீர் இப்போ துணி துவைக்க ஆகிறது, குடிக்க ஆகாது. அந்தக் கல்பலகையில் பெரிய துண்டுதான் அத்தைக்குத் துவைக்கிற கல்.