ஏரல் ஒட்டு வீடு: வெக்கையும் சத்தமும் எந்த வழியாக வருகின்றன?

போன சித்திரையில் ஒரு கான்ட்ராக்டர் எங்கள் ஏரல் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார். இரண்டு பக்கச் சுவர் முழுக்கத் தெர்மோகோல், அதன்மேல் ஜிப்சம் போர்டு, பின்னறைக்குப் பால்ஸ் சீலிங். "இதப் போட்டுட்டா வெக்கையும் வராது, சத்தமும் வராது அண்ணாச்சி" என்றார். தொகை ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, இதய நோய். "தூக்கம் கெடக் கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அவள் படுக்கும் பின்னறையில் ராத்திரி பதினொரு மணி வரை வெக்கை அடங்காது. கண் அசந்தால் காலை நாலு மணிக்குப் பக்கத்து வீட்டில் மாவரைக்கிற கிரைண்டர் ஓட ஆரம்பிக்கும். அந்த வீட்டு அக்கா இட்லி மாவு விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். எங்கள் இரு குடும்பமும் மூன்று தலைமுறையாக ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டிருக்கிறோம். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. புகார் கொடுக்க இடமுண்டு. ஆனால் கொடுத்தால் சுவர் மட்டும்தான் மிஞ்சும்.

பணம் கட்டுமுன் ஒரு வாரம் உட்கார்ந்து வாசித்தேன், கணக்குப் போட்டேன். அந்தக் குறிப்புகள்தான் இவை. பழைய ஒட்டு வீட்டில் இருக்கிற யாருக்கும் உதவும்.

முதலில் வெக்கை

எங்கள் வீடு 12 அடி அகலம், 60 அடி நீளம், 10 அடி உயரம். கடைத்தெருவை ஒட்டிய பழைய தெருக்களில் பல வீடுகள் இப்படி ரயில்பெட்டி மாதிரிதான் இருக்கும். இதில் வெயில் படுகிற பரப்பு எவ்வளவு? முன்சுவர் 120 சதுர அடி, பின்சுவர் 120, கூரை 720. மொத்தம் 960. அதில் முக்கால் பங்கு கூரை.

பக்கச் சுவர்கள் இரண்டும் சேர்ந்து 1200 சதுர அடி. ஆனால் அவற்றில் வெயிலே படுவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதும் ஒரு வீடு. அங்கேயும் ஏறத்தாழ இதே சூடுதான். சூடு அதிகமுள்ள இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் போகும். இரண்டு பக்கமும் ஒரே சூடென்றால் நடுவில் என்ன ஒட்டினாலும் பிரயோஜனம் இல்லை. கான்ட்ராக்டர் கணக்கில் பெரும்பகுதி இந்த 1200 சதுர அடிக்குத்தான்.

அப்படியானால் கூரை. எங்கள் வீட்டில் அது இரண்டு வகை. முன்பாதி தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ்: மரக்கட்டைகள் மேல் செங்கலைக் குத்தாக நிறுத்தி சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடித்து, கடைசியாகத் தட்டோடு பதித்தது. பின்பாதி தொண்ணூறுகளில் போட்ட நாலு அங்குல கான்கிரீட். முன்னறையில் மத்தியானம் படுக்கலாம். பின்னறையில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஏணி வைத்துச் சீலிங்கைத் தொட்டால் கை சுடும்.

காரணம் எளிது. உச்சி வெயிலில் மொட்டை மாடியின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1000 வாட் விழுகிறது. ஓர் இஸ்திரிப் பெட்டி அளவு. கறுத்துப்போன கான்கிரீட் அதில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். தடித்த மெட்ராஸ் டெரஸில் அந்தச் சூடு கீழே வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். வந்து சேரும்போது பாதி வலுவிழந்திருக்கும். மெல்லிய கான்கிரீட்டில் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும். அதன்பின் சீலிங் ஒரு அடுப்புத் தட்டு மாதிரி கீழே இருப்பவர்மேல் சூட்டை வீசிக்கொண்டிருக்கும். ஃபேன் போட்டால் அந்தச் சூட்டுக் காற்றுத்தான் கீழே வரும்.

2018-ல் மத்திய அரசு வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற வீட்டுக் கட்டுமான விதிமுறை, கூரை வழியே சூடு கடக்கும் அளவுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட். வெறும் நாலு அங்குல கான்கிரீட் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் கடத்தும். கான்கிரீட்டை விடத் தெர்மோகோல் வகைகள் சுமார் 40 மடங்கு குறைவாகச் சூட்டைக் கடத்துபவை. ஓர் அங்குல நுரைப் பலகை மூன்றடி கான்கிரீட்டுக்குச் சமம். ஓர் அங்குலம் போட்டாலே அந்த வரம்புக்குள் வந்துவிடலாம்.

ஆனால் அதைச் சீலிங்குக்குக் கீழே ஒட்டக் கூடாது. ஒட்டினால் கான்கிரீட் மேலே வெந்துகொண்டேதான் இருக்கும், விரிந்து சுருங்கி வெடிப்பு விடும், எலி குடியேறும், தீப்பிடித்தால் நச்சுப்புகை. கான்கிரீட்டுக்கு மேலே, தண்ணீர் உறிஞ்சாத கெட்டி நுரைப் பலகையைப் பரப்பி, அதன்மேல் மெல்லிய சாந்தும் வெள்ளை டைலும் பதிப்பதுதான் சரி. பின்பாதிக்கு அதைத்தான் செய்தோம்.

முன்பாதியில் அதையும் செய்யவில்லை. பழைய கட்டைகள்மேல் பாரம் ஏற்றுவது ஆபத்து. மூன்று அங்குல ஜல்லிச் சாந்து புதிதாகப் போட்டால் சதுர மீட்டருக்கு 140 கிலோ கூடும். அதற்குப் பதில் வருஷத்துக்கு ஒருதரம், சித்திரை பிறக்குமுன், சுண்ணாம்பு இரண்டு கை. பாரமே இல்லை, வெள்ளைப் பரப்பு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

அடுத்தது சத்தம்

இங்கேதான் எனக்கே தலைகீழாகப் புரிந்திருந்தது. சூட்டைத் தடுக்கிற பொருள் சத்தத்தையும் தடுக்கும் என்று நினைத்திருந்தேன். சூட்டைத் தடுப்பது உள்ளே அடைபட்ட காற்று. சத்தத்தைத் தடுப்பது எடை.

பொதுச் சுவர் 9 அங்குலச் செங்கல். ஒரு சதுர மீட்டர் 400 கிலோவுக்கு மேல் இருக்கும். எடை இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஓர் அங்குலத் தெர்மோகோல் சதுர மீட்டருக்கு அரைக் கிலோகூட வராது. நானூறு கிலோவோடு அரைக் கிலோ சேர்த்து என்ன ஆகப்போகிறது? முட்டை அட்டை ஒட்டுவதும் இதே கதை.

பூச்சு நன்றாக இருக்கிற 9 அங்குலச் சுவர் சுமார் 50 டெசிபல் தடுக்கும். பேச்சுச் சத்தமெல்லாம் கேட்கவே கூடாது. ஆனால் எங்களுக்குக் கேட்டது. ஏனென்றால் சத்தத்துக்குச் சந்து போதும். 100 சதுர அடிச் சுவரில் உள்ளங்கை அளவு ஓட்டை இருந்தால், அந்தச் சுவர் 50 டெசிபலிலிருந்து 30-க்கு இறங்கிவிடும்.

அந்த அக்காவிடம் போய், "யக்கா, ஒரு சோதனை பண்ணணும்" என்றேன். முதலில் அவள் வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்தோம். நான் இந்தப் பக்கம் சுவர் நெடுகக் காதை வைத்துக்கொண்டு போனேன். இரண்டே இடத்தில்தான் கேட்டது: உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் சாந்து உதிர்ந்த சந்து, அப்புறம் விளக்கு மாடம். மாடத்துக்குப் பின்னால் மூன்று அங்குலச் சுவர்தான் மிச்சம். பிறகு கிரைண்டரை ஓடவிட்டோம். சுவரில் எங்கே விரலை வைத்தாலும் அதிர்ந்தது. கட்டில் கால்கூட.

ரேடியோ காற்று வழியாக வருகிற சத்தம். சந்தை அடைத்தால் போதும். கிரைண்டர் சுவர் வழியாகவே வருகிறது. அவளுடைய கிரைண்டர் மேடையைப் பொதுச் சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எங்கள் சுவரே அதற்கு ஒலிபெருக்கி. இதற்கு என் பக்கம் என்ன ஒட்டினாலும் தரை வழியாகவும் உத்திரம் வழியாகவும் வந்துகொண்டுதான் இருக்கும்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா தம்பி? அம்மைக்கு இவ்வளவு சங்கடம்னு எனக்கு என்ன தெரியும்" என்றாள். கொத்தனாரை வைத்து மேடையை இடித்து, சுவரிலிருந்து ஓரடி தள்ளித் தனியாகக் கட்டி, கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டோம். உத்திரச் சந்தைச் செங்கல் துண்டும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்து அடைத்தோம். மாடத்தைச் செங்கல் வைத்து நிரப்புவதா என்று அம்மாவிடம் கேட்டதற்கு, "வெளக்க எங்க வைக்க?" என்றாள். அதை விட்டுவிட்டோம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

சுண்ணாம்பு ஏன்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்து ஏரல் தீவாகிவிட்டது. எங்கள் வீட்டில் இடுப்பு மட்டம் தண்ணீர்.

அப்போது பார்த்தது இது: சுண்ணாம்புப் பூச்சு இருந்த சுவர்கள் கோடைக்குள் காய்ந்துவிட்டன. சமையலறையில் நான் ஆசையாகப் போட்டிருந்த சிமெண்டுப் பூச்சுக்குள் ஈரம் அடைபட்டு, ஒரு வருஷம் உப்புப் பூத்து உதிர்ந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், திரும்ப வெளியே விடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடும். தெருவில் ஒரு வீட்டில் சுவரெல்லாம் ஜிப்சம் போர்டு. அத்தனையும் ஊறி, பூஞ்சை பிடித்து, குப்பை வண்டியில் போனது. ஆற்றங்கரை ஊரில் சுவருக்குள் எதை வைத்தாலும், 'இது நனைந்தால் என்ன ஆகும்?' என்று ஒருதரம் கேட்டுவிட வேண்டும். நுரைப் பலகையை மாடிக்கு மேல் மட்டும் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது நாலு மணிக்குக் கிரைண்டர் ஓடுகிறது. காதைக் கூர்ந்தால் ஒரு முனகல் கேட்கும். அம்மா ஆறு மணி வரை தூங்குகிறாள். பஸ் ஹார்ன் மட்டும் முன் ஜன்னல் வழியாக வந்துகொண்டுதான் இருக்கிறது. அதை அடைத்தால் காற்றும் போய்விடும். இந்த வீட்டுக்குக் காற்று வர இருப்பது முன்னும் பின்னும் இரண்டே வழிதான். ஜன்னலுக்குக் கனமான கதவு போட்டு, ராத்திரி மட்டும் சாத்தலாம் என்று யோசனை. அம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை.

உங்கள் வீட்டுக்குச் செலவு செய்யுமுன் இரண்டு வேலை செய்யுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குச் சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.